வீட்டை விட்டுப் போகும் தண்ணீர்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பரிசளிப்பு விழா என்றால் "நன்றாகப் படியுங்கள், பெற்றோர் சொல் கேளுங்கள்" என்று பேசிவிட்டு அமர்வது வழக்கம். அதை உங்கள் ஆசிரியர்கள் ஆண்டு முழுவதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே நான் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அந்தப் பொருள் கழிவுநீர்.

"நல்ல நாளும் அதுவுமா சாக்கடையப் பத்தியா பேசறது?" என்று பின்வரிசையில் ஒரு பாட்டி முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. பாட்டி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வள்ளுவப் பெருமான் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரத்திலேயே மழையைப் பற்றித்தான் பாடினார். வருகின்ற தண்ணீரைப் பற்றிப் பேச அன்று முதல் இன்று வரை ஆள் இருக்கிறது. வீட்டை விட்டுப் போகின்ற தண்ணீரைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை. நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். நம் வீட்டை விட்டுப் போகும் தண்ணீர் எங்கேயும் தொலைந்து போவதில்லை. அது இன்னொருவர் வீட்டுக் குழாயை நோக்கித்தான் போகிறது.

இரண்டு ஆறுகளுக்கு நடுவே

நாம் வாழும் மாவட்டத்தின் பெயர் கோல மூடா. மலாய் மொழியில் 'கோல' என்றால் கழிமுகம். ஆக, ஓர் ஆற்றின் பெயரில்தான் நம் மாவட்டமே இருக்கிறது. அந்த மூடா ஆறு உலு மூடா காட்டில் பிறந்து, சிக், பாலிங் பக்கமாக இறங்கி, சுமார் 180 கிலோமீட்டர் ஓடி, மலாக்கா நீரிணையில் கலக்கிறது. கடைசிப் பகுதியில் கெடாவுக்கும் பினாங்குக்கும் அதுதான் எல்லை. இந்தக் கரையில் பினாங் துங்காலில் நமக்காகத் தண்ணீர் எடுக்கிறார்கள். அந்தக் கரையில் லாஹார் தியாங்கில் பினாங்குக்காக எடுக்கிறார்கள். பினாங்கு மாநிலத்துக்கு வேண்டிய தண்ணீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு இந்த ஒரே ஆற்றிலிருந்துதான் போகிறது. பட்டர்வொர்த்தில் இருக்கும் உங்கள் அக்காள் வீட்டில் தேநீர் போடுகிறார்களே, அந்தத் தண்ணீர் நம் மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டு போன தண்ணீர்.

இன்னொரு ஆறு மெர்போக். சுங்கை பட்டாணி நகரின் நடுவே ஓடும் ஆறு போய்ச் சேருமிடம் அது. பாக்காவ் மரங்கள் அடர்ந்த அதன் கழிமுகத்தில்தான் மீனும் இறாலும் நண்டும் குஞ்சு பொரித்து வளர்கின்றன. இந்த மெர்போக், மூடா ஆறுகளை நம்பித்தான் பழைய காலத்தில் பூஜாங் பள்ளத்தாக்கில் கப்பல்கள் வந்து நின்றன. 1025 ஆம் ஆண்டு இராஜேந்திர சோழனின் படை கடாரத்தின் மேல் வந்ததைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். கடாரம் கடாரம் என்று நாம் பெருமையோடு சொல்கிற மண்ணை வளர்த்தது இந்த ஆறுகள்தாம். பெருமை பேசுகிற வாய்க்கு, அந்த ஆற்றில் என்ன கலக்கிறது என்று கேட்கிற கடமையும் உண்டு.

வாளியிலிருந்து தொட்டிக்கு

இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கு லயத்து வாழ்க்கையை நான் சொல்ல வேண்டியதில்லை. பல தோட்டங்களில் வரிசையாகப் பத்து வீடு, பொதுக் குழாய் ஒன்று, பின்னால் எட்டத்தில் கக்கூஸ். வாளி வைத்த கக்கூஸ் சில இடத்தில், குழி வெட்டியது சில இடத்தில், ஆற்றங்கரையே கதி என்று இருந்தது சில இடத்தில். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு வீட்டோடு நிற்காது, லயம் முழுக்க வரும். டிரசர் ஐயா மருந்து கொடுத்துச் சலித்துப் போவார். குறைகள் ஆயிரம் இருந்தாலும் ஒரு விஷயம் தெளிவாக இருந்தது. அல்லூறு அடைத்துக்கொண்டால் மண்டோரிடம் சொல்வோம், மண்டோர் கிராணியிடம் சொல்வார், கிராணி துரையிடம் சொல்வார். நடந்ததோ நடக்கவில்லையோ, அது தோட்டத்தின் பொறுப்பு. 1966 ஆம் ஆண்டு வந்த தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டமும் தண்ணீர், கழிப்பறை முதலியவற்றை முதலாளியின் கடமையாகத்தான் வைத்தது. இன்றும் தோட்டத்து வீட்டில் இருப்பவர்கள் அந்த உரிமையைக் கேட்டுப் பெறலாம், பெற வேண்டும்.

ஆனால் நம்மில் பலர் இப்போது லயத்தில் இல்லை. சுங்கை பட்டாணியைச் சுற்றிப் பால்மரக் காடுகள் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. பிள்ளைகள் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, வரிசை வீடு வாங்கினோம். கதவு நம்முடையது, கூரை நம்முடையது. பின்புறம் சிமெண்டுக்கு அடியில் இருக்கும் மலத்தொட்டியும் நம்முடையதுதான். வீட்டுச் சாவியை வாங்கிய நாளில் இதை நமக்கு யாரும் சொல்லவில்லை. மண்டோரும் இல்லை, கிராணியும் இல்லை. "யாராச்சும் பாத்துக்குவாங்க" என்று நாம் இருக்கிறோம். அந்த 'யாராச்சும்' இப்போது நாம்தான்.

அழுக்குத் தண்ணீரின் பசி

மாணவர்களே, இப்போது கொஞ்சம் கணக்குப் போடுவோம். நம் நாட்டில் சுத்திகரிப்பு நிலையம் கட்டும் பொறியாளர்கள் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 225 லிட்டர் கழிவுநீர் என்று கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 1,125 லிட்டர். அப்படி 1,000 வீடுகள் உள்ள ஒரு தாமானுக்கு ஒரே நாளில் 11 லட்சத்து 25 ஆயிரம் லிட்டர். நாள் தவறாமல், தீபாவளிக்கும் விடுமுறை இல்லாமல், அது வெளியேறிக்கொண்டே இருக்கிறது.

இந்தக் கழிவுநீரில் ஆயிரத்துக்கு 999 பங்கு வெறும் தண்ணீர்தான். மீதி ஒரு பங்குதான் அழுக்கு. "அவ்வளவுதானா?" என்று நினைக்காதீர்கள். அந்த ஒரு பங்குக்குப் பெரும் பசி இருக்கிறது. ஆற்றில் கலந்ததும் அதைத் தின்னக் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் கூடிவிடும். அவை தின்னும்போது, மூச்சுவிடத் தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். இந்தப் பசியை அளப்பதைத்தான் விஞ்ஞானிகள் உயிர்வேதிப் பிராணவாயுத் தேவை என்கிறார்கள். மலாயில் செய்தி படிப்பவர்கள் 'பி.ஓ.டி.' என்று பார்த்திருப்பீர்கள்.

ஓர் ஆளின் ஒரு நாள் கழிவு கேட்கும் பிராணவாயு 55 கிராம். நம் நாட்டு வெயிலில் சுத்தமான ஒரு லிட்டர் ஆற்று நீரில் கரைந்திருப்பது ஏழரை மில்லிகிராம் அளவுதான். வகுத்துப் பாருங்கள். ஒரே ஆளின் ஒரு நாள் கழிவு, 7,000 லிட்டருக்கும் மேற்பட்ட ஆற்று நீரின் மூச்சைக் குடித்துவிடும். ஆறு காற்றிலிருந்து மறுபடி மூச்சை எடுத்துக்கொள்ளும், உண்மைதான். பத்து வீட்டுக் கழிவு என்றால் சமாளித்துக்கொள்ளும். ஒரு நகரமே சேர்ந்து கொட்டினால் எப்படிச் சமாளிக்கும்? மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அது விளையாடவில்லை. மூச்சுக்குத் தவிக்கிறது.

இன்னொன்று அமோனியா. சிறுநீரில் இருந்தும் பண்ணைக் கழிவில் இருந்தும் வருவது. குடிநீர் ஆலைகள் எடுக்கும் ஆற்று நீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது நம் சுகாதார அமைச்சின் அளவு. தாண்டிவிட்டால், கிருமியைக் கொல்லப் போடும் குளோரினை அமோனியா தின்றுவிடும். சாதாரணக் குடிநீர் ஆலையால் அதை எளிதில் பிரிக்க முடியாது. பம்பை நிறுத்துவதைத் தவிர வழியில்லை. ஆற்றில் தண்ணீர் ததும்பிக்கொண்டே இருக்கும், வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும்.

உறைமோர் இரகசியம்

சரி, இந்த அழுக்கை எப்படிச் சுத்தம் செய்கிறார்கள்? பெரிய மந்திரம் ஏதுமில்லை. ஆற்றில் பல மைல் தூரத்தில் நடக்க வேண்டியதை ஒரு தொட்டிக்குள் நடத்துகிறார்கள்.

முதலில் கம்பி வலை. துணி, பிளாஸ்டிக், குழந்தைகளின் அணையாடை எல்லாம் அதில் மாட்டும். அடுத்து மணலும் எண்ணெயும் பிரியும் தொட்டி. அதன் பிறகு காற்றூட்டும் தொட்டி. இயந்திரம் காற்றை ஊதிக்கொண்டே இருக்க, நுண்ணுயிர்கள் மூச்சுக்குப் பஞ்சமில்லாமல் அழுக்கைத் தின்று பெருகும். பல நிலையங்களில் தண்ணீர் ஏறக்குறைய ஒரு நாள் அங்கே சுழன்றுகொண்டிருக்கும். பிறகு அசையாத தெளிவுத் தொட்டி. தின்று கொழுத்த நுண்ணுயிர்கள் சேறாக அடியில் படியும். மேலே தெளிந்த நீர் வழிந்து ஆற்றுக்குப் போகும்.

இதில் முக்கியமான இரகசியம் ஒன்று உண்டு. அடியில் படிந்த சேற்றில் ஒரு பகுதியை மறுபடி காற்றூட்டும் தொட்டிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். தாய்மார்களுக்கு இது புதிதல்ல. தயிர் தோய்க்க நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து வைக்கிறீர்களே, அதே உறைமோர் வேலைதான். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் 1914 ஆம் ஆண்டு இதைக் கண்டறிந்து அறிவித்தார்கள். நூறு ஆண்டு கடந்தும் உலகத்து நகரங்கள் அந்த முறையில்தான் ஓடுகின்றன.

இயந்திரம் இல்லாத முறையும் இருக்கிறது. பழைய தாமான்கள் சிலவற்றின் ஓரத்தில் வேலி போட்ட பச்சை நிறக் குளங்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பாசி வெயிலைக் குடித்துப் பிராணவாயுவைக் கொடுக்கிறது. நுண்ணுயிர் அதை வாங்கிக்கொண்டு அழுக்கைத் தின்கிறது. மின்சாரச் செலவு குறைவு, ஆனால் இடமும் நாளும் அதிகம் வேண்டும். குளத்தில் சேறு நிறைந்துவிட்டால் நாளும் குறையும், வேலையும் குறையும்.

இரண்டு முறைக்கும் பொதுவானது இதுதான்: அவை உயிருள்ளவை. அவற்றுக்குக் காற்றும் நேரமும் வேண்டும். சமையல் எண்ணெயையும் அமிலத்தையும் நாம் ஊற்றிக்கொண்டே இருந்தால் அந்த உயிர்கள் திணறும். ஆயிரம் வீட்டுக்குக் கட்டிய நிலையத்துக்கு இரண்டாயிரம் வீட்டுத் தண்ணீரை அனுப்பினால் நேரம் போதாது.

ஆலை திருந்திய கதை

"ஆத்தக் கெடுக்கறது ஆலைக்காரன். நம்ம வீட்டுத் தண்ணி என்ன செஞ்சிடும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் அது முழு உண்மையாகவும் இருந்தது. செம்பனை ஆலைக் கழிவின் பசி லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவு. வீட்டுக் கழிவுநீரின் பசி 250 தான். நூறு மடங்கு வித்தியாசம். 1970-களில் ஆலைக்குக் கீழே உள்ள ஆறுகள் கறுத்து நாறிக் கிடந்ததை நம் பெரியவர்கள் கண்டிருக்கிறார்கள்.

அப்போது நம் நாடு என்ன செய்தது? 1974-ல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977-ல் செம்பனை ஆலைகளுக்கும், 1978-ல் ரப்பர் ஆலைகளுக்கும் தனி விதிகள் வந்தன. ஒரே நாளில் மூடு என்று சொல்லவில்லை. படிப்படியாக இறக்கினார்கள். செம்பனை ஆலை வெளியே விடும் தண்ணீரின் அளவு முதலில் 5,000, பிறகு 2,000, 1,000, 500, 250 என்று இறங்கி, 1984-ல் 100 ஆனது. ஆலைக்குப் பின்னால் வரிசையாகக் குளங்கள் வெட்டப்பட்டன. நம் தோட்டத்து ஆட்கள்தாம் அவற்றில் பலவற்றை வெட்டினார்கள், கரை கட்டினார்கள். உலகம் பார்த்து வியந்த வேலை அது. விதியை மீறும் ஆலை இன்றும் இருக்கலாம். அதைக் கண்டால் விடக்கூடாது. ஆனால், ஆலைக்கு ஒரு கணக்கு வந்த பிறகு வீட்டுக்கும் ஒரு கணக்கு வராமல் இருக்குமா? ஆற்றில் அமோனியா கூடுவதற்குக் கால்நடைப் பண்ணைகளையும் வீட்டுக் கழிவுநீரையும்தான் சுற்றுச்சூழல் துறையின் அறிக்கைகள் காரணமாகச் சொல்லி வருகின்றன. நாம் ஆலையை நோக்கி நீட்டிய விரல் கொஞ்சம் நம் பக்கமும் திரும்பித்தான் ஆக வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது

முன்பு கழிவுநீர் வேலை ஊராட்சி மன்றங்களின் கையில் இருந்தது. 1993-ல் கழிவுநீர்ச் சேவைச் சட்டம் வந்தது. இண்டா வாட்டர் நிறுவனம் 1994 முதல் வேலையை ஏற்கத் தொடங்கியது. 2000-ஆம் ஆண்டில் அரசாங்கமே அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. 2008 சனவரி முதல் தேசிய நீர்ச் சேவை ஆணையமான 'ஸ்பான்' இதை மேற்பார்க்கிறது. இன்று 7,000-க்கும் மேற்பட்ட சுத்திகரிப்பு நிலையங்கள் அந்த நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீட்டுத் தொட்டிகளும் நாட்டில் இருக்கின்றன.

2009-ஆம் ஆண்டு விதிகள் இரண்டு தரங்களைச் சொல்கின்றன. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே புதிதாகக் கட்டும் நிலையம் 'ஏ' தரம். அதன் தண்ணீரில் பசி 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மற்ற இடங்களில் 'பி' தரம், 50 வரை. 250-ஆக வந்ததை 20-ஆக இறக்க வேண்டும் என்றால் அந்த நிலையத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். நன்றாகக் கவனிக்கப் பணம் வேண்டும். கழிவுநீர்க் கட்டணத்தைப் பார்த்து "மேலே போற தண்ணிக்குக் காசா?" என்று முணுமுணுக்கிறோம். காற்று ஊதும் இயந்திரத்தின் மின்சாரம் அந்தக் காசில்தான் ஓடுகிறது. கட்டணத்தைக் கட்டுங்கள். கட்டிவிட்டு, வேலை நடக்கிறதா என்று கேளுங்கள். கட்டியவன் கேட்டால் அந்தக் கேள்விக்கு மதிப்பு உண்டு.

வீட்டில் செய்ய வேண்டியது

தாய்மார்களே, தந்தைமார்களே, இந்தப் பகுதியை மட்டும் கவனமாகக் கேளுங்கள். மற்றதை மறந்தாலும் பரவாயில்லை.

முதலாவது, உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பொதுக் குழாயில் சேர்ந்து நிலையத்துக்குப் போகிறதா, சொந்தத் தொட்டிக்குப் போகிறதா? தொட்டி என்றால் அதன் மூடி எங்கே? சமையலறையை நீட்டிக் கட்டும்போது மூடியின் மேல் சிமெண்டு பூசி ஓடு ஒட்டிவிட்டவர்கள் நிறையப் பேர். மூடியைத் திறக்க வழி வையுங்கள்.

இரண்டாவது, தொட்டி சுத்திகரிப்பு நிலையம் அல்ல. அது அழுக்கைப் படிய வைக்கிறது, அவ்வளவுதான். தண்ணீரின் பசியில் பாதியைக்கூட அது தீர்ப்பதில்லை. நிறைந்துவிட்டால் அந்த வேலையும் நின்றுவிடும். மலம் அப்படியே அல்லூறுக்கு வழியும். கழிப்பறை அடைக்கவில்லை என்றால் தொட்டி நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை உரிமம் பெற்ற லோரியைக் கூப்பிட்டுச் சேற்றை எடுக்கச் சொல்லுங்கள். எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள். மலிவாக எடுத்துச் செம்பனைக் காட்டில் ஊற்றிவிட்டுப் போகிறவனுக்குக் காசு கொடுத்தால், காசு கொடுத்து ஆற்றைக் கெடுத்ததாகும்.

மூன்றாவது, யாரும் தொட்டிக்குள் இறங்கக்கூடாது. உள்ளே நச்சு வாயு நிற்கும். ஒருவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுந்து இறந்த செய்திகள் பல நாடுகளில் வருகின்றன. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் உடைந்த மூடி இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

நான்காவது, சமையல் எண்ணெய். தொட்டி வைத்த பல வீடுகளில் கழிப்பறைத் தண்ணீர் மட்டும்தான் தொட்டிக்குப் போகும். சமையலறைத் தண்ணீர் நேராக அல்லூறுக்கு, அல்லூறிலிருந்து ஆற்றுக்கு. நடுவில் எந்தச் சுத்திகரிப்பும் இல்லை. வடை சுட்ட எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஆறவைத்துப் போத்தலில் சேருங்கள். அதைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் பாத்திரம் கழுவும் இடத்தில் சோற்றையும் எண்ணெயையும் முதலில் வழித்து எடுத்துவிட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, கழிப்பறை குப்பைத்தொட்டி அல்ல. அணையாடை, ஈரத்தாள், முடி, துணி எதையும் போடாதீர்கள். அவை பம்பில் சிக்கினால் ஒரு தாமானின் கழிவுநீரே தெருவில் வழியும்.

"நா ஒருத்தன் செஞ்சா ஆறு சுத்தமாயிடுமா?"

ஆகாது. உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு வீடு செய்தால் ஆகாது. நகராண்மைக் கழகமும் செய்ய வேண்டும், ஆலையும் பண்ணையும் செய்ய வேண்டும், மாநிலமும் செய்ய வேண்டும். ஆனால் எல்லாரும் சேர்ந்தால் ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. சிங்கப்பூர் ஆறு ஒரு காலத்தில் பக்கத்தில் நிற்க முடியாத நாற்றம். 1977-ல் பத்து ஆண்டுக்குள் சுத்தம் செய்வது என்று முடிவு எடுத்தார்கள். நூற்றுக்கணக்கான பன்றி, வாத்துப் பண்ணைகளை அகற்றினார்கள். தெருவோரக் கடைகளுக்குத் தண்ணீர், கழிவுநீர்க் குழாயோடு இடம் கொடுத்தார்கள். கழிவுநீர் இணைப்பு இல்லாத குடிசைக் குடும்பங்களை அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். 1987-ல் ஆற்றில் மீன் திரும்பி வந்தது. அதற்காக வாழ்ந்த இடத்தையும் பிழைப்பையும் விட்டுக்கொடுத்த ஏழைகளின் பங்கையும் நாம் மறக்கக்கூடாது. 2003 முதல் அதே ஊரில் கழிவுநீரை மறுபடி தூய்மை செய்து பயன்படுத்துகிறார்கள்.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2019 மார்ச்சு மாதம் ஜோகூர், பாசீர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். அது வீட்டுக் கழிவுநீர் அல்ல, வேறு நஞ்சு. ஆனால் முதலில் மயங்கி விழுந்தவர்கள் யார்? ஆற்றின் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள். 111 பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. ஆறு கெட்டால் முதல் அடி பிள்ளைகளுக்குத்தான். இரவில் லோரி வந்து ஆற்றோரம் நின்றால், தண்ணீரின் நிறம் திடீரென்று மாறினால், நாள், நேரம், இடம் குறித்துக்கொண்டு சுற்றுச்சூழல் துறையிடம் புகார் கொடுங்கள். சண்டைக்குப் போக வேண்டாம். எழுதிக் கொடுங்கள். எழுதியது நிற்கும்.

மாணவச் செல்வங்களுக்கு

பிள்ளைகளே, நம் ஆறுகளுக்கும் பரீட்சை உண்டு. சுற்றுச்சூழல் துறை ஆறு பாடங்களில் மதிப்பெண் போடுகிறது: கரைந்த பிராணவாயு, உயிர்வேதிப் பிராணவாயுத் தேவை, வேதிப் பிராணவாயுத் தேவை, அமோனியா, மிதக்கும் திடப்பொருள், அமில காரத் தன்மை. 81-ம் அதற்கு மேலும் வாங்கினால் சுத்தமான ஆறு. 60 முதல் 80 வரை சற்றுக் கெட்ட ஆறு. 59-ம் அதற்குக் கீழும் கெட்ட ஆறு. நீங்கள் மதிப்பெண் குறைந்தால் அம்மா திட்டுவார்கள். ஆறு மதிப்பெண் குறைந்தால் திட்டு வாங்க வேண்டியது ஊர்.

கடைசியாக ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். மற்றவர் கழிவை வாளியில் சுமந்த மனிதர்கள் நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் இருந்தார்கள். பொழுது விடியும் முன் வந்து, யார் கண்ணிலும் படாமல் வேலையை முடித்துவிட்டுப் போவார்கள். ஊர் நோயில்லாமல் இருந்தது அவர்களால். ஆனால் நம் ஆட்களே அவர்களைத் தள்ளி உட்கார வைத்தோம், அவர்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லி ஏளனம் செய்தோம். இந்தியாவில் 2013-ல் சட்டம் போட்டுத் தடுத்த பிறகும், சாக்கடைக் குழியில் இறங்கி மனிதர்கள் சாவது நின்றபாடில்லை. அசுத்தம் செய்கிறவன் உயர்ந்தவன், சுத்தம் செய்கிறவன் தாழ்ந்தவன் என்று ஒரு கணக்கு உலகத்தில் இருக்க முடியுமா? அந்தக் கணக்கு தப்பு. இந்தப் பள்ளியில் அதை யாரும் படிக்கக்கூடாது.

இன்று அந்த வேலைக்கு இயந்திரம் வந்திருக்கிறது. பொறியாளர் வேண்டும், இரசாயனம் படித்தவர் வேண்டும், நுண்ணுயிர் படித்தவர் வேண்டும், நிலையத்தை இரவும் பகலும் ஓட்டும் தொழில்நுட்பர் வேண்டும். இங்கே பரிசு வாங்கும் பிள்ளைகளில் ஒருவர் நாளை மூடா ஆற்றின் தண்ணீரைச் சோதித்து, "இது குடிக்கத் தகுந்தது" என்று கையெழுத்துப் போடும் நிலைக்கு வர வேண்டும். டாக்டர் ஆயிரம் பேருக்கு மருந்து கொடுப்பார். அந்தக் கையெழுத்து பத்து லட்சம் பேருக்கு நோய் வராமல் காக்கும்.

பெற்றோர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் பரிசை அலமாரியில் வையுங்கள். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், தப்பில்லை. நாளைக் காலையில் பின்பக்கம் போய், உங்கள் தொட்டியின் மூடி எங்கே இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்கே காட்டுங்கள். அதுவும் படிப்புதான்.